பதறாமல் இருக்கப் பழகுவது



திருக்குறளின் 63ஆம் அதிகாரம் இடுக்கணழியாமை. துன்பம் வந்த வேளையில் மனம் கலங்காதிருப்பதைப் பற்றியது. அதன் பத்துக் குறளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் நம் பள்ளிகளில் நிறைய இருக்கிறார்கள். அதே பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நாளில் வினாத்தாளை வாங்கும்போது கை நடுங்குகிறது. முந்தின இரவு வரை நன்றாகத் தெரிந்திருந்த சூத்திரம் மறந்துபோகிறது. குறள்மேல் குறை இல்லை, பிள்ளைமேலும் குறை இல்லை. கலங்காதே என்ற அறிவுரையை நாம் கொடுத்துவிட்டோம். கலங்குகிற நேரத்தில் என்ன செய்வது என்று பழக்கவில்லை. அந்தப் பழக்கத்தை வகுப்பறையிலேயே, விளையாட்டின் வழியாகத் தர முடியும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

கிராமத்துக் கிணறுகளில் நீச்சல் பழக்குகிறவர்கள் பிள்ளையின் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். தண்ணீர் நிஜம், ஆழம் நிஜம், பயமும் நிஜம். மூழ்கிவிட மாட்டோம் என்ற உறுதி மட்டும் முதுகில் இருக்கும். பாவனை விளையாட்டு, சிமுலேஷன் என்றும் சொல்கிறார்களே, அது குடுக்கை கட்டிய நீச்சல். மாணவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறோம். நேரம் போதாது, தகவல் போதாது, கூட இருப்பவர் ஒத்துவர மாட்டார். நெஞ்சு படபடப்பது உண்மையாகவே நடக்கும். தோற்றால் இழப்பு எதுவும் கிடையாது.

இதை விளையாட்டுத்தனமான விஷயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பதற்றம் எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, பாரசீக வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் வின்சென்ஸ் என்ற போர்க்கப்பல், ஈரானின் பயணிகள் விமானம் ஒன்றைப் போர் விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. பந்தர் அப்பாசிலிருந்து துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த விமானம் அது. அதிலிருந்த 290 பேரும் இறந்தார்கள். அன்றைக்கு உலகின் மிக நவீனமான கப்பல்களில் ஒன்று வின்சென்ஸ். அதன் கணினிப் பதிவில் விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. கண்முன் அந்த எண்கள் இருந்தும், அது தங்களை நோக்கி இறங்கி வருகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்த சிலர் அறிவித்தார்கள். அதே நேரத்தில் கப்பல் துப்பாக்கிப் படகுகளோடு சண்டையில் இருந்தது. முடிவெடுக்கச் சில நிமிடங்களே இருந்தன. கருவி சரியாக வேலை செய்தது. பதற்றத்தில் இருந்த மனிதர், தான் எதிர்பார்த்ததையே அதில் பார்த்தார்.

அதன் பிறகு அமெரிக்கக் கடற்படை, நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த பயிற்சி முறைகளில் ஒன்றை நம் ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பாவனைப் பயிற்சி முடிந்ததும் அதிகாரி மதிப்பெண் வாசிப்பதில்லை. குழுவே உட்கார்ந்து, எந்தக் கட்டத்தில் எந்தத் தகவல் யாருக்குப் போய்ச் சேரவில்லை, யார் உதவி கேட்கத் தயங்கினார் என்று தன் தவறுகளைத் தானே எடுத்துப் பேசும். பேச்சு திசைமாறாமல் பார்த்துக்கொள்வதோடு பயிற்சியாளரின் வேலை முடிந்துவிடும். நான் இன்று சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: விளையாட்டு தானாக நிதானத்தைக் கற்றுத்தராது, அது முடிந்த பின் நடக்கும் பேச்சுதான் கற்றுத்தரும்.

ஒரு விளையாட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் உருவாக்கியது. பீர் விளையாட்டு என்று பெயர். உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் ஆடுகிறார்கள். நான் நம் மாணவர்களோடு ஆடும்போது பீருக்குப் பதில் சோடாப் பெட்டி வைத்துக்கொள்வேன். பெட்டிக்குப் புளியங்கொட்டை, ஆர்டருக்குத் துண்டுச் சீட்டு. வேறு செலவு கிடையாது.

ஒரு மேசையில் நான்கு இருக்கைகள்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 12 பெட்டி சரக்கு இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை, தனக்கு அடுத்தவரிடம் எத்தனை பெட்டி வேண்டும் என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. சீட்டு போய்ச் சேரவும் நாளாகும், சரக்கு வந்து சேரவும் நாளாகும். சரக்கு தேங்கினால் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் எத்தனை பெட்டி கேட்கிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும் தெரியும். அதற்கான அட்டைகள் குப்புறக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருக்கும்.

அந்த அட்டைகளில் இருப்பது இவ்வளவுதான்: முதல் நான்கு வாரம் 4 பெட்டி, ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசிவரை 8 பெட்டி. ஒரே ஒரு மாற்றம். அதன் பின் ஒன்றுமே மாறுவதில்லை.

இந்தச் சிறு மாற்றம் மேசையில் கிளப்பிவிடும் கொந்தளிப்பைப் பார்த்தால்தான் நம்ப முடியும். கடைக்காரரின் சரக்கு கரைகிறது, கூடுதலாகக் கேட்கிறார். சரக்கு வரவில்லை, இன்னும் கூடுதலாகக் கேட்கிறார். மொத்த வியாபாரிக்குத் திடீரென்று பெரிய ஆர்டர் வருகிறது; அவர் தன் பயத்தையும் சேர்த்து மேலே அனுப்புகிறார். ஆலைக்குப் போய்ச் சேரும்போது நான்கு பெட்டி உயர்வு ஒரு பிரளயமாகிவிடுகிறது. சில வாரம் கழித்து, கேட்ட சரக்கெல்லாம் மொத்தமாக வந்து குவிகிறது. இப்போது யாருக்கும் ஒரு பெட்டிகூட வேண்டாம். இந்த விளையாட்டைப் பற்றி ஜான் ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி அணியின் செலவு ஆகக் குறைந்த செலவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்காக இருந்தது. ஆடியவர்கள் படிப்பறிவில்லாதவர்கள் அல்லர். அவர்களில் மேலாண்மை மாணவர்களும் நிறுவன அதிகாரிகளும் உண்டு.

ஒரு முறை விநியோகஸ்தர் இருக்கையில் ஒரு மாணவி இருந்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் எழுதிய சீட்டுகளை வரிசையாக அடுக்கினோம். நான்கு, ஆறு, பத்து, பதினெட்டு என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. கவனித்துப் பார்த்தால் கையெழுத்தும் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. நாற்பது என்று எழுதிய சீட்டில் கீழே இரண்டு கோடு. அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. "கடைக்காரருக்கு விளையாடத் தெரியலை சார், மாத்தி மாத்தி ஆர்டர் போடுறார்" என்றார். வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று படம் வரையச் சொன்னேன். மலையும் மடுவுமாக ஒரு கோடு வரைந்தார். பிறகு அட்டைகளைத் திருப்பிக் காட்டினோம். எட்டு, எட்டு, எட்டு. அவர் வெகுநேரம் பேசவில்லை. தன் சீட்டுகளையே மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணாவது சீட்டு எழுதும்போதே எனக்குக் காது சூடாயிடுச்சு சார்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த விளையாட்டை நான் ஆட வைக்கிறேன். பதற்றம் தன் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் கண்டுகொண்டால், அடுத்த முறை அதே காது சூடாகும்போது பேனாவைக் கீழே வைக்க அவரால் முடியும். கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளை ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. கோபமோ பயமோ காட்டும் முகத்தைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னவர்களுக்கு, மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது. "எனக்கு இப்போது பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரிவது பலவீனத்தின் அடையாளம் அல்ல. பயத்தைக் கையாளுவது அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டெர்மன் கண்ட இன்னொன்று என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: தாம் ஏற்கெனவே கேட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை மறந்துவிடுகிறார்கள். கையில் இல்லை என்பது மட்டும் கண்ணில் படுகிறது. செய்துவிட்ட காரியம் பலன் தரும்வரை பொறுக்க முடியாமல் அதையே இரட்டிப்பாகச் செய்கிறார்கள். பதற்றத்தின் சாரமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். காலாண்டுத் தேர்வில் மகனுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தால் அப்பா ஒரு டியூஷன் வைக்கிறார். அது பலன் தருவதற்குள் வரும் மாதத் தேர்வைப் பார்த்துவிட்டு இரண்டாவது டியூஷன். அரையாண்டு வருவதற்குள் அதிகாலை நான்கு மணிக்கு அலாரம். பிள்ளை தூக்கமில்லாமல் போய் இன்னும் குறைவாக வாங்குகிறான். அந்த அப்பாவின் அன்பைச் சந்தேகிக்க முடியாது. வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை அவர் எண்ணவில்லை.

ஆகவே இரண்டாம் ஆட்டத்தில் ஒரே ஒரு விதியைச் சேர்ப்பேன். சீட்டு எழுதும் முன், வரவேண்டிய பெட்டி எத்தனை என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் தேவையையும் மாற்றிவிடுவேன். அதே மாணவர்கள்தான் ஆடுவார்கள். சீட்டுகளில் எண்கள் அவ்வளவு எகிறுவதில்லை. எரிச்சலைக் கட்டுப்படுத்து என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எரிச்சல் வரும் வேளையில் கைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், அவ்வளவுதான். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் தங்கள் கைப்பட எழுதிய சீட்டிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டொனால்ட் மைக்கன்பாம், மன அழுத்தத்துக்கு எதிரான தடுப்பூசி போன்ற ஒரு பயிற்சியை வகுத்து 1985இல் நூலாக எழுதினார். அதில் மூன்று கட்டங்கள். அழுத்தம் என்றால் என்ன, தனக்கு அது எப்படி வருகிறது என்று புரிந்துகொள்வது முதலில். பிறகு சில உத்திகளைக் கற்று ஒத்திகை பார்ப்பது: மூச்சை நீளமாக வெளியே விடுவது, மனதுக்குள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொற்களை மாற்றுவது, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது. மூன்றாவதாகத்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்படும் அழுத்தத்தில் அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பது. நம்மில் பலர் முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதற்குப் போய்விடுகிறோம். தினமும் தேர்வு வைத்தால் பயம் தெளிந்துவிடும் என்று நம்புகிற பள்ளிகள் செய்வது அதைத்தான். குடுக்கை கட்டாமல் கிணற்றில் தள்ளிவிடுவதை நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடமும், விடைத்தாளின் முகப்பு விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடமும் தருகிறார்கள். அந்த முதல் 10 நிமிடத்தில்தான் பல பிள்ளைகள் நிலைகுலைகிறார்கள். முதல் பக்கத்தில் தெரியாத கேள்வி ஒன்று இருந்தால், தெரிந்த பத்தும் மங்கிவிடுகிறது. ஆகவே வகுப்பறையைத் தேர்வுக்கூடமாக மாற்றுங்கள். வேண்டுமென்றே முதல் கேள்வியாக, இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து ஒன்றை வையுங்கள். மூன்று நான்கு பிள்ளைகளுக்குத் தனியாக வேடம் கொடுங்கள். ஒருவர் இருபதாவது நிமிடத்தில் எழுந்து "அடிஷனல் ஷீட்" என்று கேட்க வேண்டும். அந்தக் குரல் அறையில் மற்றவர்களை என்ன செய்யும் என்பது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் ஜியாமெட்ரி பாக்ஸைக் கீழே போட வேண்டும். கண்காணிப்பாளர் வேடம் போட்டவர் ஒருவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்ள வேண்டும். எது எப்போது வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இடையூறுகள் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேனாவைக் கீழே வைக்கச் சொன்னதும் விடைத்தாளைத் திருத்த உட்காராதீர்கள். வட்டமாக உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் கேள்வியைப் பார்த்ததும் உடம்பில் என்ன நடந்தது? உடனே என்ன செய்தாய்? அடிஷனல் ஷீட் என்ற குரல் கேட்டபோது மனதில் ஓடியது என்ன? யாராவது ஒரு பிள்ளை, "நான் அந்தக் கேள்வியை விட்டுட்டு மூணாவதுக்குப் போயிட்டேன்" என்று சொல்லும். ஆசிரியர் நூறு முறை சொன்னதைவிட, பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்ன அந்த ஒரு சொல் மற்றவர்கள் மனதில் நிற்கும். தனக்கு மட்டும்தான் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்த பிள்ளை, முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கும் நடுங்கியது என்று கேட்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

இந்தப் பேச்சு நடக்கும்போது ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஜான் ஹன்டர் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1978இல் உலக அமைதி விளையாட்டு என்ற ஒன்றை ஒட்டுப்பலகையில் தொடங்கியவர். பின்னாளில் அது நான்கு அடுக்குக் கண்ணாடிக் கோபுரம்போல் வளர்ந்தது. நான்கு கற்பனை நாடுகள், ஒன்றோடொன்று பின்னிய 50 நெருக்கடிகள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள்தான் பிரதமர்கள், அமைச்சர்கள், ஆயுத வியாபாரிகள். எல்லா நெருக்கடியும் தீர்ந்து, எல்லா நாடுகளின் செல்வமும் உயர்ந்தால்தான் வெற்றி. பிள்ளைகள் தவறான பாதையில் போகும்போதும் அவர் குறுக்கே விழுவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் மோதி, அழுது, மறுபடி உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறார். ஆசிரியரே பதறிப்போய் விடையைச் சொல்லிவிட்டால், பதற்றமே சரியான வழி என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

அபாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1967இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், ஹிட்லரின் ஆட்சிக்கு மக்கள் எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்று விளங்கவைக்க, வகுப்பில் ஓர் இயக்கத்தைப் பாவனையாகத் தொடங்கினார். அது பாவனை என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. சில நாட்களில் அது வகுப்பைத் தாண்டிப் பரவி, மாணவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் அளவுக்குப் போனது. அவரே அவசரமாக முடித்துவைக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு என்று தெரியாமல் ஆடுவது விளையாட்டு அல்ல. எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் "எனக்குப் போதும்" என்று விலகிப் பார்வையாளராக உட்கார உரிமை வேண்டும். ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தை நடித்துக்காட்டிச் சிரிப்பதை ஆசிரியர் அனுமதிக்கவே கூடாது. இந்த விளையாட்டுக்கு மதிப்பெண் போடுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். போட்ட அந்த நிமிடமே அது இன்னொரு தேர்வாகிவிடும்.

விளையாட்டில் வந்த நிதானம் வாழ்க்கைக்கும் வருமா என்று நியாயமாகவே கேட்பீர்கள். எல்லா நிதானமும் எல்லா இடத்துக்கும் போகாது. சதுரங்கப் பலகைமுன் அசையாதவர் வீட்டில் சின்ன விஷயத்துக்குக் கத்தலாம். அதனால்தான் பிள்ளையின் உண்மையான நெருக்கடிக்கு நெருக்கமாக விளையாட்டை அமைக்கச் சொல்கிறேன். இருந்தாலும் ஒரு பழக்கம் மட்டும் தூரம் போகும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் விமானம் நடுவானில் எஞ்சின் சிதறி, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் இணைப்புகள் அனைத்தையும் இழந்தது. அப்படி ஒரு நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தன் குழுவோடு இடைவிடாது பேசினார். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தருபவரான டென்னிஸ் ஃபிட்ச்சின் உதவியை ஏற்றுக்கொண்டார். மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ சிட்டியில் இறக்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். குழுவாகப் பேசி முடிவெடுக்கத் தந்த பயிற்சி ஒரு முக்கியக் காரணம் என்று ஹெய்ன்ஸ் பின்னர் எடுத்துச் சொல்லிவந்தார். நெருக்கடியில் வாயடைத்துப் போகாமல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் உதவி கேட்பதும் வகுப்பறையில் பழகக்கூடியவையே.

சில பிள்ளைகளுக்கு விளையாட்டு போதாது. வாரக்கணக்கில் தூங்காத பிள்ளை, சாப்பாட்டைத் தொடாத பிள்ளை, சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளை ஆகியோருக்கு மருத்துவ உதவி வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லாதது, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை உங்கள் வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களாகப் போகும் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று நாளை ஒவ்வொரு பள்ளியிலும் உங்களிடம் சொல்வார்கள். நீங்களும் சொல்லத் தொடங்குவீர்கள். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் தேர்வுக்கூட விளையாட்டை ஆடுங்கள். இரண்டாவதைப் பேச்சுக்காக முழுதாக ஒதுக்குங்கள். ஆட்டம் நீண்டுபோனால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்துங்கள். பேச்சின் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.